நாலாவது எழுத்து உப்பு

கப்பல் பெட்டிக்கு நம்பர் உண்டு. நாலு இங்கிலீஷ் எழுத்து, ஏழு எண். அந்த நாலு எழுத்தில் கடைசி எழுத்து எப்பவும் U. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் அப்படித்தான். ஏன் என்று தெரியாது. கேட்டதில்லை.

அந்த U-வுக்கு நாங்கள் வைத்த பேர் உப்பு.

நாங்கள் என்றால் ரெண்டு பேர். நானும் அவனும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு. யார்டு கேட்டில் ஒரு ரூம். உள்ளே நான், கம்ப்யூட்டர் முன்னால். வெளியே அவன், லாரிக்குப் பின்னால். பெட்டி நம்பர் பின்கதவில் இருக்கும். ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டிலும் எழுதியிருப்பார்கள். அது பாதி நேரம் தூசி மூடிக் கிடக்கும். அதனால் அவன் பின்னால் நின்று சத்தம் கொடுப்பான். நான் அடிப்பேன். லாரி இல்லாத நேரம் அவனும் உள்ளே வந்து உட்காருவான். எனக்கு ஒரு நாற்காலி, அவனுக்கு ஒரு நாற்காலி.

இப்போது அங்கே ஒரு நாற்காலிதான். ரெண்டு எப்படி ஒன்றாச்சு என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவன் ஏரல் பக்கம். பனங்காட்டுக்காரன். அண்ணன் கடையில் நின்றவன். அண்ணனோடு முறித்துக்கொண்டு தூத்துக்குடி வந்தான். இனி அந்தக் கடைப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன். நான் கடற்கரை. எங்க அப்பா சங்கு குளித்தவர். நான் தோணியில் போனேன். கொழும்புக்குச் சில வருசம். தோளில் அடிபட்டது. கரைக்கு வந்தேன். யார்டில் பெட்டி எண்ணுகிற வேலை கிடைத்தது. கேட் கம்ப்யூட்டரில் இருந்தவன் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான். யார் உட்காருகிறீர்கள் என்று மேனேஜர் சார் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்.

படிப்பு என்று பெரிதாக இல்லை. நான் மூணாம் வகுப்பு. அவன் நாலு. அந்த ஒரு வகுப்பை அவன் விடவே மாட்டான்.

"ஒரு கிளாஸ் கூடப் படிச்சவன் சொல்லுதேன், கேளுலே" என்பான்.

தமிழ் வாசிப்போம். தினம் பேப்பர் பார்ப்போம். இங்கிலீஷ் ரெண்டு பேரும் பெட்டியில் படித்ததுதான். யார்டில் வரிசையாக அடுக்கியிருக்கும். எவ்வளவு பெரிசு எழுத்து. பார்த்துப் பார்த்து வந்துவிட்டது.

எழுத்து தெரிந்தாலும் காதில் விழ வேண்டுமே. லாரி இன்ஜின் உறுமும். வாடைக் காற்று அடித்தால் அவன் வாயில் இருந்து வருவது பாதிதான் என்னிடம் வரும். B, D, P, T எல்லாம் ஒரே சத்தம். ஒரு தடவை ஒரு பெட்டி B-க்குப் பதில் D என்று ஏறிவிட்டது. அந்தப் பெட்டி யார்டுக்குள்ளேயே காணாமல் போச்சு. கண் முன்னால் நிற்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. சார் எங்கள் ரெண்டு பேரையும் நிற்கவைத்து ஏசினார். அதற்குப் பிறகுதான் எழுத்துக்கு எழுத்து ஒரு பேர் வைத்தோம்.

N நண்டு. C சிப்பி. T தோணி. P-க்கு அவன் பனை என்றான், சரி என்றேன். E-க்கு ஏரல் என்றான். ஊரைப் பெட்டியில் ஏற்றிவிட்டான். இருக்கட்டும் என்று விட்டேன். M-இல்தான் முட்டிக்கொண்டது. நான் மாதா என்றேன். அவன் மாரியம்மன் என்றான். ரெண்டு பேரும் விடவில்லை. M வந்தால் அவன் மாரியம்மன் என்று கத்துவான். நான் மாதா என்று சொல்லிக்கொண்டே அடிப்பேன். ஒரு லாரி டிரைவர்தான் தீர்த்துவைத்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு சாமியும் வெயில்ல நிக்காண்டாம். மாங்கான்னு வையுங்க" என்றான்.

மாங்காய் ஆச்சு. U மட்டும் தகராறே இல்லாமல் உப்பு. கேட்டுக்கு எதிரே உப்பளம். வெள்ளையாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உப்பு என்றோம்.

"மாங்கா, நண்டு, ஏரல், உப்பு" என்று அவன் இழுப்பான். பிறகு எண்கள். கடைசி எண் அவன் வாயில் இருந்து விழுந்ததும் லாரி தானாக நகரும். எந்த டிரைவருக்கும் நாங்கள் சொல்லித்தரவில்லை. அவன் குரல்தான் அவர்களுக்குக் கொடி.

பழைய ஸ்க்ரீன் கறுப்பு. எழுத்து பச்சை. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. அந்த சாஃப்ட்வேர் எங்களுக்காகச் செய்ததில்லை. கிடங்கு, கணக்கு, கஸ்டம்ஸ், கப்பல் ஏஜென்ட் எல்லாருக்கும் ஒரே சாஃப்ட்வேர். அதில் எங்கள் கேட் ஒரு மூலை. ஒரு பெட்டி உள்ளே வர ஒன்பது பக்கம் தாண்ட வேண்டும். பாதிப் பக்கம் எங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது. F8 அடித்தால் அடுத்த பக்கம். அடித்து அடித்து F8 கட்டையில் எழுத்தே அழிந்துவிட்டது. உப்புக்காற்று வேறு. கீபோர்டைத் தினமும் லேஞ்சித் துணியால் துடைப்பேன். துடைத்த லேஞ்சியை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

ஒவ்வொரு பக்கமும் மெதுவாகத்தான் வரும். அஞ்சாவது பக்கம் ரொம்ப மெதுவு. F8 அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த நேரம் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நாங்கள் பேசினது எல்லாம் அந்த நேரத்தில்தான்.

அண்ணனையும் அண்ணன் சம்சாரத்தையும் பிரிந்த கதையை அப்படித்தான் சொன்னான். துண்டு துண்டாக.

"கடையப் பிரிக்கணும்னு ஆயிப்போச்சு. எங்க மைனி சொல்லுதா, எல்லாத்தையும் ரெண்டாப் பிரிங்க, தராசையும் பிரிங்கங்கா."

"பக்கம் வந்துட்டுலே."

"வரட்டும். நீ அடி."

அடிப்பேன். ஒன்பதும் முடியும். அடுத்த லாரி வரும். அவன் பின்னால் போவான். நண்டு, தோணி, சிப்பி, உப்பு. அஞ்சாவது பக்கத்தில் திரும்ப வருவான்.

"தராச எப்படிலே பிரிக்க முடியும்?"

"அதத்தான நானும் கேட்டேன். இந்தத் தட்டு ஒனக்கு, அந்தத் தட்டு எனக்குங்கான் எங்க அண்ணன். அது எங்க அப்பா வாங்குன தராசு."

"பொறவு?"

"பொறவு ஊர்ல நாலு பேர் வந்து உக்காந்தாங்க."

பக்கம் வந்துவிடும். கப்பல் நாள் என்றால் வரிசை ரோடு வரை நிற்கும். அன்றைக்குக் கதை அவ்வளவுதான். மறுநாள் வேறு ஏதாவது பேச்சு வந்துவிடும். மழை வந்தால் உப்பளத்தைப் பற்றி. என் சம்சாரம் வைத்த நண்டுக் குழம்பைப் பற்றி. தராசு நடுவில் நின்றுவிடும். பிறகு எப்போதோ மறுபடி வரும். நான் அவசரப்படுத்தியது இல்லை. எங்கே போகப்போகிறான் என்று இருந்தேன்.

ஒருநாள் மேனேஜர் சார் கேட்டுக்கு வந்தார்.

"ஸ்க்ரீன் எல்லாம் மாத்தப்போறாங்க. சென்னையிலேர்ந்து ஒரு மேடம் வாராங்க. நீங்க வேலை செய்யுறத உக்காந்து பாப்பாங்க. பாத்துட்டுத்தான் புதுசு வரைவாங்க. நீங்க எப்பவும் போல செய்யுங்க, போதும்."

நாங்கள் எப்பவும் போல செய்யவில்லை.

யோசனை அவனுடையது. "வீட்டுக்கு ஆள் வந்தா கொடியில கெடக்க துணிய எடுத்து வைக்கமாட்டியாலே?" என்றான். எனக்கும் சரி என்று பட்டது. ரூமைக் கழுவினோம். மானிட்டரில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதங்களைக் கிழித்தோம். எந்தப் பக்கத்தில் எத்தனை தடவை F8 என்று தமிழில் எழுதி ஒட்டியது அது. நான் கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டு வந்தேன். அவன் ஷேவ் பண்ணி வந்தான். காலையிலேயே வரிசையில் நின்ற டிரைவர்களிடம் போய்ச் சொன்னான்.

"இன்னைக்கு யாரும் ஆர்ன் அடிக்கப்பிடாது. வெத்தல துப்பப்பிடாது. நான் சத்தம் குடுக்க மாட்டேன். உள்ள இருக்கவன் ஜன்னல்லேர்ந்து கை காட்டுவான், அப்ப நகருங்க."

"ஏன் அண்ணாச்சி, பொண்ணு பாக்க வாராங்களா?"

"ஆமாவே, ஒமக்குத்தான். மூஞ்சியக் கழுவும்."

பெரிய மனுசர்கள் கூப்பாடு போட்டு வேலை செய்தால் அசிங்கம் என்று நினைத்தோம். மாங்காய், நண்டு என்று கத்துவதை ஒரு படித்த பொம்பளை முன்னால் எப்படிச் செய்வது. ஆனால் நம்பர் எனக்குத் தெரிய வேண்டும். அவன் பின்னால் போய்ப் பார்த்துச் சின்னச் சீட்டில் எழுதி வருவான். டீ கிளாசுக்கு அடியில் வைத்து என் முன்னால் வைப்பான். நான் கிளாசை எடுக்கிற மாதிரி பார்த்து அடிப்பேன். அன்றைக்கு எத்தனை டீ குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

மேடம் சின்ன வயசு. மரியாதையான பிள்ளை. எங்களை அண்ணா என்றது. ஒரு நோட்டில் படம் படமாக வரைந்தது. அவன் மக்ரூன் வாங்கி வைத்திருந்தான். அதைச் சாப்பிட்டது. டீயும் குடித்தது.

"நம்பர் எப்படிண்ணா உங்களுக்குத் தெரியுது?" என்று என்னைக் கேட்டது.

நான் வாய் திறக்குமுன் அவன் சொன்னான். "அவனுக்குப் பருந்துக் கண்ணு மேடம்."

"இந்த ஸ்க்ரீன்ல எது கஷ்டமா இருக்கு?"

"ஒண்ணும் கஷ்டமில்ல மேடம்" என்றேன். வந்தவர்களிடம் கஷ்டம் சொல்வது எங்களுக்குப் பழக்கம் இல்லை.

பிறகு அவனைப் பார்த்துக் கேட்டது. "நீங்க என்ன வேலைண்ணா?"

"நான் சும்மா ஒத்தாசைக்கு மேடம். டீ, தண்ணி."

அதை அந்தப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டது. எழுதும்போது நான் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நல்லபடியாக நடந்தது என்றுதான் அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் நினைத்தோம். டிரைவர்களுக்கும் மீதி மக்ரூனைக் கொடுத்தான்.

மாசங்கள் போச்சு. ஒருநாள் சார் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். புது ஸ்க்ரீன் படம் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. வெள்ளையாக இருந்தது. ஒன்பது பக்கம் ஒரே பக்கம். நம்பரைக் கேமரா வாசித்துவிடுமாம். கேட் ரூமையும் வரைந்திருந்தார்கள். ஒரு மேசை. ஒரு நாற்காலி. அதில் ஒரு ஆள்.

"ஒரு ஆள் போதும்னு வந்திருக்கு. பகலுக்கு நீ. ராத்திரிக்கு இருக்கிற பையங்கள்ல ஒருத்தன்."

"அவன்?"

"யார்டுக்குள்ள போடுறேன். பெட்டி மேல ஏறி லாக் மாட்டுற வேலை இருக்கு."

அவன் வயசுக்குப் பெட்டி மேல் ஏற முடியாது. சாருக்கும் அது தெரியும். அப்படியென்றால் ஏரல்தான். அண்ணன் கடைப் படிதான். வேறு போக்கிடம் அவனுக்கு இல்லை.

வந்து சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீ குடுத்தது ஒரு குத்தமாலே?" என்றான். பிறகு சிரித்தான். லாரி ஒன்று வந்தது. பின்னால் போனான். அவன் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான்தான் ஒரு எண்ணைத் தப்பாக அடித்துத் திருத்தினேன்.

கேமராக் கம்பம் நட்டார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை எடுக்கவில்லை. பக்கத்திலேயே இருந்தது. ஒரு வாரம் சோதனை ஓட்டம் என்றார்கள். மேடம் மறுபடி வந்தது. சாரும் வந்து நின்றார். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். சத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் லாரி வந்தது. நான் தொடவே இல்லை, நம்பர் தானாக ஸ்க்ரீனில் விழுந்தது. சரியாகவும் இருந்தது. கீழே நாலைந்து பட்டன். அதற்கும் கீழே ரெண்டு. எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் சின்ன எழுத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெட்டியில் இருந்த இங்கிலீஷ். பெட்டியில் எல்லாம் பெரிய எழுத்து. பழைய ஸ்க்ரீனிலும் பெரிய எழுத்துதான். கீபோர்டிலும் அதுதான். பழைய ஸ்க்ரீனில் டேமேஜ், ஹோல்டு என்று பெரிசாக நின்ற வார்த்தைகள் இங்கே குனிந்து வளைந்து வேறு யாரோ மாதிரி இருந்தன. ஒரு எழுத்து தூண்டில் முள் மாதிரி கீழே தொங்கியது. முதல் எழுத்து மட்டும் பெரிசு. கீழே இருந்த ரெண்டு பட்டனும் C. சிப்பி, சிப்பி. அதற்குப் பிறகு தெரியாத எழுத்துகள்.

"அமுக்குங்கண்ணா. கன்ஃபர்ம்" என்றது மேடம்.

ஒரு சிப்பியை அமுக்கினேன். நம்பர் மறைந்துவிட்டது.

"அது கேன்சல்ண்ணா. பரவால்ல. மறுபடி."

நம்பர் மறுபடி வந்தது. பதட்டத்தில் எந்தப் பக்கத்தை அமுக்கினேன் என்பதே மறந்துவிட்டது. மறுபடி கேன்சல். லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். பின்னால் ஆர்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். சார் கிட்டே வந்தார்.

"என்னய்யா, கண்ணு தெரியலயா?"

தெரியாது என்று சொன்னால் இந்த ஒரு நாற்காலியும் போகும். மவுசில் கையை வைத்தபடி இருந்தேன்.

ஜன்னலில் அவன் குரல் கேட்டது.

"மேடம், அவன ஏசாதீங்க."

"நான் ஏசலையேண்ணா."

"எங்க ரெண்டு பேருக்கும் பெரிய எழுத்து மட்டுந்தான் தெரியும். சின்ன எழுத்து எந்தப் பெட்டியிலயும் இல்ல."

சார் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். இவன் போகிற போக்கில் என்னையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டானே என்று இருந்தது.

"ஏன்லே இப்பம் போயி இதச் சொல்லுத?" என்றேன்.

"மூடி வச்சு மூடி வச்சுத்தான இங்கன வந்து நிக்கோம்" என்றான். பிறகு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். டீ கிளாசுக்கு அடியில் வைத்த சீட்டு. டிரைவர்களிடம் சொல்லிவைத்தது. பருந்துக் கண். "விருந்தாளி வாராங்கன்னு செஞ்சோம் மேடம். வேற ஒண்ணும் மனசுல இல்ல" என்றான்.

அந்தப் பிள்ளை கையில் இருந்த நோட்டை மூடியது. வெளியே வரிசையைப் பார்த்தது.

"எழுத்தை மாத்துறது எனக்கு ஒரு ராத்திரி வேலைண்ணா" என்றது. "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற எவ்வளவோ மாத்தியிருக்கலாம்."

பிறகு புதுக் கம்ப்யூட்டரை அணைத்தது. "பழசுல ஓட்டுங்க. எப்பவும் போல. நெசமாவே எப்பவும் போல."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனான்.

"மாங்கா, தோணி, நண்டு, உப்பு."

நான் F8 அடித்தேன். மேடம் அவன் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டது. வரிசை தீரும் வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒவ்வொரு எழுத்துக்கும் பேர் கேட்டது. அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

"Q-வுக்கு என்னண்ணா?"

"அது இங்கன வந்ததில்ல மேடம். வந்தா ஒரு பேர் வச்சுக்கிடலாம்."

சாயங்காலம் அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னது. கேமராவை எடுக்க முடியாது. அது மேலே இருந்து வந்தது. "ஒத்த நாற்காலிய நான்தான் வரைஞ்சேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. இனி அழிக்க என்னால முடியாதுண்ணா" என்றது. அவனைப் பார்த்துத்தான் சொன்னது. அவன் தலையை ஆட்டினான். முகத்துக்கு நேரே சொன்னதற்கு அவன் சந்தோசப்பட்டான் என்றே எனக்குத் தோன்றியது. பட்டன் எல்லாம் தமிழில் போட்டுவிடவா என்றும் கேட்டது.

"வேண்டாம் மேடம். ஹோல்டுன்னாதான் எங்களுக்கு ஹோல்டு" என்றான்.

மறுநாள் காலை புது ஸ்க்ரீன் மாறியிருந்தது. எங்கள் கேட்டுக்கு மட்டும் எல்லாம் பெரிய எழுத்து. பெட்டியில் இருக்கிற மாதிரியே நிமிர்ந்து நின்றது. கேன்சலை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தது. நான் உட்காரப் போனேன்.

"நீங்க இல்லண்ணா. அவங்க உக்காரட்டும்" என்றது மேடம்.

அவன் என் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. வேட்டியைத் தட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். லாரி வந்தது. நம்பர் விழுந்தது. அவன் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். "ஃபுல். எம்ப்டி. டேமேஜ். ஹோல்டு." ஃபுல்லை அமுக்கினான். கன்ஃபர்மை அமுக்கினான். வெளியே புதிதாக ஒரு பச்சை லைட் வைத்திருந்தார்கள். அது எரிந்தது. லாரி போனது.

அவ்வளவுதான். அடிக்கவே தெரிய வேண்டாம்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "இதுக்காலே இத்தன வருசம் சம்பளம் வாங்குன?" என்றான்.

மேடம் சாரிடம் சொன்னது. "ரெண்டு பேருக்கும் வரும் சார்." சார் யோசித்தார். அந்தச் சமயம் ராத்திரி வேலைக்குக் குறித்திருந்த பையனுக்கு வெளிநாட்டு விசா வந்தது. இன்னொரு பையன் கிரேனுக்குப் போய்விட்டான். சார் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார். தோணியில் ராத்திரி முழித்துப் பழக்கம் எனக்கு. ராத்திரியை நான் எடுத்தேன்.

ஏரல் பஸ் ஏற வேண்டியது இல்லை என்று ஆச்சு. அன்று அவன் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். நண்டுக் குழம்பு. ரெண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டான்.

மறுவாரம் பழைய கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்கள். அதில் கடைசியாக ஓட்டிய நாள் அவன் தராசுக் கதையில்தான் இருந்தான். ஊரில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். தராசை நடுவில் கொண்டுவந்து வைத்தாச்சு. மைனி தலையை விரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அப்போது பக்கம் வந்தது. அடித்தேன். அதுதான் கடைசி லாரி. அவன் நாற்காலியைச் சாயங்காலம் காவல்காரர் கேட்டார், கொடுத்துவிட்டோம்.

இது ஆகிச் சில வருசம் ஆச்சு. நல்ல ஸ்க்ரீன்தான். குறை சொல்ல மாட்டேன். நம்பர் தப்பாவதில்லை. பெட்டி காணாமல் போவதில்லை. வரிசை ரோட்டுக்குப் போவதில்லை. டிரைவர் யார் என்றே பாதி நேரம் தெரியாது. லைட்டைப் பார்ப்பான், போவான். மேடம் எப்போதாவது சாருக்குப் போன் பண்ணினால் எங்களையும் கேட்குமாம். Q வந்ததா என்று கேட்குமாம்.

எப்போதாவது துரு அரித்த பெட்டி ஒன்று வரும். கேமராவுக்குப் பிடிபடாது. நம்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக நிற்கும். நான் எழுந்து வெளியே போய்ப் பின்கதவைப் பார்த்து வந்து அடிப்பேன். அடிக்கும்போது வாய் தானாகச் சொல்லும். நாலாவது எழுத்துக்கு விரல் போகுமுன் உப்பு என்று வந்துவிடும். கேட்க ரூமில் ஆள் இருக்காது.

காலை ஆறு மணிக்கு அவன் வருவான். சாயங்காலம் ஆறு மணிக்கு நான். பார்ப்பது அந்த நேரம்தான். ஒருத்தன் எழுந்தால்தான் ஒருத்தன் உட்கார முடியும். டீக்காரர் ரெண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் போவார். நின்றபடி குடிப்போம். முழங்கால் எப்படி இருக்கிறது, கப்பல் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான் பேச்சு. நடுவில் லாரி வந்தால் அமுக்க வேண்டியது ஒரு நிமிசம்கூட இல்லை.

போன வாரம் கேட்டேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, அந்தத் தராசு கடைசியில யாருக்குப் போச்சு?"

"எந்தத் தராசு?"

"ஒங்க கடைத் தராசு. நாலு பேர் உக்காந்தாங்களே."

அவன் டீயைக் குடித்து முடித்தான். கிளாசை ஜன்னலில் வைத்தான். ஸ்க்ரீனைப் பார்த்தான்.

"அதச் சொல்ல ஒம்பது பக்கம் வேணும்லே. இதுல ஒரு பக்கந்தான இருக்கு" என்றான்.

வெளியே லாரி வந்து நின்றது. நம்பர் விழுந்தது. அவன் கையைக் காட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். நான் உட்கார்ந்து கன்ஃபர்மை அமுக்கினேன்.